மின்கம்பி வராத பண்ணைக் கொட்டகைக்கு சோலார்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். மின் இணைப்பு வராத பண்ணையில் ஒரு கொட்டகை. ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் தீவனம், ஓரத்தில் ஆள் தங்க ஓர் அறை. விளக்கு, மின்விசிறி, கால்நடை மருந்து வைக்க ஒரு ஃப்ரிட்ஜ், நாலு கேமரா, மின்வேலி, 1 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார், 2 குதிரைத்திறன் தீவனம் வெட்டும் இயந்திரம், எல்லாமே சோலாரில் ஓட வேண்டும். எத்தனை கிலோவாட் பேனல், எவ்வளவு பேட்டரி?

எண்களைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. மின்வாரியக் கம்பி உள்ள வீட்டில் "மொத்தம் எத்தனை யூனிட்" என்று கேட்டால் போதும். தனியாக நிற்கும் சோலாரில் அதைவிட முக்கியமான கேள்வி "எந்த நேரத்தில்" என்பது. பகல் 11 மணிக்குச் செலவாகும் ஒரு யூனிட் பேனலில் இருந்து நேராக மோட்டாருக்குப் போய்விடும். இரவு 11 மணிக்குச் செலவாகும் அதே யூனிட் பேட்டரிக்குள் போய்த் திரும்பி வர வேண்டும். மொத்த அமைப்பிலும் செலவு கூடியது பேட்டரிதான், முதலில் மாற்ற வேண்டி வருவதும் அதுதான். ஆகவே எந்த வேலையையெல்லாம் வெயில் நேரத்துக்கு நகர்த்த முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேனல் அளவு, பேட்டரி அளவு எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு நோட்டில் கருவியின் பெயர், வாட், ஓடும் மணி நேரம், பகலா இரவா என்று நாலு கட்டம் போடுங்கள். உங்கள் கொட்டகைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு, தினம் 4 மணி நேரம்: 240 வாட் மணி. மின்விசிறி இரண்டு, 10 மணி நேரம். சாதாரண விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 1,500 வாட் மணி ஆகிவிடும். பி.எல்.டி.சி. என்ற குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் ஓடும், 600 போதும். கணக்கில் இதையே எடுத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜுக்கு 1,000 என்று வையுங்கள். மின்வேலிக் கருவி 8 வாட்தான், ஆனால் இரவு பகலாக ஓடும், அதற்கு 200. செல்போன், மடிக்கணினிக்கு 150.

கேமராவைத்தான் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நாலு கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட் என்றால் அற்பமாகத் தெரியும். 24 மணி நேரத்துக்கு அது 1,200 வாட் மணி, ஃப்ரிட்ஜைவிட அதிகம். இன்வெர்ட்டரும் அப்படித்தான். எதையும் ஓட்டாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே தனக்கென்று 40 வாட் எடுத்துக்கொள்ளும், நாளுக்கு 960. வாங்கும்போது இன்வெர்ட்டரின் விவரத் தாளில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். சிலவற்றில் 20, சிலவற்றில் 80 வரைகூட இருக்கும். ஐந்தாறு மாடல்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இதுவரை 4,350 வாட் மணி. இனி பெரிய ஆட்கள். 2 குதிரைத்திறன் வெட்டும் இயந்திரம் ஓடும்போது சுமார் 1,900 வாட் இழுக்கும், தினம் அரை மணி நேரத்துக்கு 950. தண்ணீர் மோட்டார் 1,100 வாட், 2 மணி நேரத்துக்கு 2,200. ஆக மொத்தம் 7,500 வாட் மணி, அதாவது ஏழரை யூனிட்.

இப்போது பகல், இரவு கட்டத்தைப் பாருங்கள். மோட்டாரும் வெட்டும் இயந்திரமும் பகலில் ஓடினால் 3,150 வாட் மணி பேட்டரியைத் தொடாமலேயே முடிந்துவிடும். விளக்கு, விசிறியின் இரவுப் பங்கு, ஃப்ரிட்ஜ், கேமரா, வேலி, இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் சாயங்காலத்தில் இருந்து மறுநாள் காலை வெயில் ஏறும் வரை, சுமார் 14 மணி நேரத்துக்கு, 2.7 யூனிட்தான் வருகிறது. ஏழரை யூனிட் செலவில் பேட்டரி சுமக்க வேண்டியது இவ்வளவுதான். அதே மோட்டாரை "ராத்திரி எட்டு மணிக்குப் போடுவதுதான் வழக்கம்" என்று வைத்துக்கொண்டால் பேட்டரியின் இரவுச் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

தண்ணீரைப் பொறுத்தவரை மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரையே சேமிப்பது மேல். 10,000 லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் மேலே ஏற்ற இயற்பியல்படி வேண்டியது 0.82 யூனிட். மோட்டார், பம்பு, குழாய் இழப்பெல்லாம் சேர்த்தால் 1.8 யூனிட் அளவுக்குப் போகும். அந்தத் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் நின்றுவிட்டால், பத்து வருஷம் ஆனாலும் தேயாத பேட்டரி அது. தொட்டியைப் பெரிதாகக் கட்டுவது அதே அளவு பேட்டரி வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. ஃப்ரிட்ஜிலும் இதைக் கொஞ்சம் செய்யலாம். காலியான இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்தால் பகலில் குளிர்ந்து, இரவில் அது அடிக்கடி ஓடுவதைக் குறைக்கும். ஆனால் தடுப்பூசி வைத்திருந்தால் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். உறைந்துபோனால் பல தடுப்பூசிகள் கெட்டுவிடும்.

தண்ணீர் தேவை அதிகம் என்றால் மோட்டாரை இந்த அமைப்பில் இருந்து முழுசாகப் பிரித்து, தனி பேனலும் சோலார் பம்பு கன்ட்ரோலரும் போட்டுவிடலாம். வெயில் ஏற ஏற வேகமெடுத்து, மேகம் வந்தால் தானாக மெதுவாகும். அதற்கு பேட்டரியே வேண்டாம். உங்கள் அளவுக்கு, தினம் 2 மணி நேரம்தான் என்றால், இரண்டு வழியும் சரிதான். கிணறு கொட்டகையில் இருந்து தள்ளி இருந்தால் நான் பிரிப்பதையே சொல்வேன்.

சரி, பேனல். பேனலின் மேல் 550 வாட் என்று எழுதியிருப்பது ஆய்வுக்கூட நிலையில் எடுத்த அளவு: ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் ஒளி, பேனலின் செல் வெப்பம் 25 டிகிரி. வெயிலில் காயும் பேனலின் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். ஒரு டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் குறையும் என்பதால் இதிலேயே பத்து முதல் பதினாறு சதவீதம் வரை போய்விடும். அப்புறம் தூசி, ஒயர், கன்ட்ரோலர், பேட்டரி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போகும். பேட்டரி நிறைந்துவிட்டால் மிச்ச வெயிலை வாங்க ஆளே இல்லை என்பதும் இந்த வகை அமைப்பின் இயல்பு. எல்லாம் சேர்த்து 65 சதவீதம்தான் கைக்கு வரும் என்று வைத்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பானது.

அடுத்தது வெயில் எவ்வளவு என்பது. ஆண்டு சராசரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இருட்டில் உட்கார வைப்பது மோசமான மாதம்தான். ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ்., உலக வங்கியின் குளோபல் சோலார் அட்லஸ், நாசாவின் பவர் தரவு ஆகிய மூன்றும் இலவசம். வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டினால் மாதவாரியாக விவரம் கிடைக்கும். பி.வி.ஜி.ஐ.எஸ்.ஸில் மின் இணைப்பில்லாத அமைப்புக்கென்று தனிப் பகுதியே உண்டு. பேனல், பேட்டரி, தினச் செலவு மூன்றையும் கொடுத்தால் எத்தனை சதவீத நாட்களில் பேட்டரி காலியாகும் என்று மாதவாரியாகச் சொல்லும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், நான் எழுதுவதைவிட அதிகம் புரியும்.

மோசமான மாதத்தில் தினம் 3.5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 7,500 வாட் மணியை 3.5 ஆலும் 0.65 ஆலும் வகுத்தால் 3,300 வாட். 550 வாட் பேனல் ஆறு. இதுதான் முதல் பதில். நல்ல மாதத்தில், ஐந்தரை மணி நேர வெயிலில், இதே ஆறு பேனல் 11.8 யூனிட் வரை தரும்.

உடனே ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம், ஒரு கேள்வி பாக்கி. உங்கள் மோசமான மாதம் எதனால் மோசம்? மழை மேகத்தாலா, பகல் குறுகுவதாலா? மழைக்காலம் என்றால் பாசன மோட்டார் பெரும்பாலும் ஓடாது. மோட்டாரைக் கழித்தால் 5,300 வாட் மணிதான், 2,330 வாட் பேனல் போதும் என்று கணக்கு சொல்லும். மாடுகளுக்குக் குடிதண்ணீர் மட்டும் ஏற்ற வேண்டும் என்றால் இடையில் ஓர் எண் வரும். வெயில் மாதத்தில் முழுச் செலவு, மழை மாதத்தில் குறைந்த செலவு என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, எது பெரிய எண்ணோ அதை எடுங்கள். ஆனால் சந்தேகம் வந்தால் பேனல் பக்கம் தாராளமாக இருங்கள் என்பேன். கனத்த மேகத்தில் பேனல் வழக்கமான விளைச்சலில் 10 முதல் 25 சதவீதம் வரைதான் தரும், அந்த நாளில் எண்ணிக்கை ஒன்றே கைகொடுக்கும். கூடுதலாக இரண்டு பேனல் போடுவது, இன்னொரு நாளுக்கான பேட்டரி வாங்குவதைவிட நல்ல முதலீடு.

திசை, சாய்வு பற்றி நிறைய விவாதம் நடக்கும், அவ்வளவுக்கு அது தேவையில்லை. பூமத்திய ரேகையைப் பார்த்தபடி, அதாவது வட கோளத்தில் தெற்கு நோக்கி, தென் கோளத்தில் வடக்கு நோக்கி, உங்கள் அட்சரேகை அளவுக்குச் சாய்வு. குளிர்காலம்தான் மோசம் என்றால் இன்னும் பத்து, பதினைந்து டிகிரி தூக்குங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தாலும் 10 டிகிரிக்குக் கீழே படுக்க வைக்காதீர்கள், மழையில் தூசி வழிந்து ஓட அந்தச் சாய்வு வேண்டும். ஐந்தாறு டிகிரி பிசகினால் பெரிய நஷ்டம் கிடையாது.

நிழல் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க முடியாது. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மூலையில் ஒரு கம்பத்தின் நிழல் விழுந்தால், போவது அந்த மூலை அளவு மட்டும் இல்லை. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போகலாம். காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் விழாத இடம் எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இன்றைக்குச் சின்னதாக நிற்கும் மரம் ஐந்து வருஷத்தில் எங்கே நிற்கும் என்பதும் சேர்த்துத்தான்.

கூரையில் போடுவதா தரையிலா? ஒரு பேனல் ஏறக்குறைய 28 கிலோ, 2.6 சதுர மீட்டர். ஆறுக்கு 170 கிலோ, சட்டம் தனி. கனத்தைவிடப் பயப்பட வேண்டியது காற்றை. அடியில் புகும் காற்று பேனலைத் தூக்கப் பார்க்கும். மெல்லிய தகரக் கூரையில் தகரத்தோடு மட்டும் திருகி வைப்பது ஆபத்து, அடியில் தகரத்தைத் தாங்கும் பர்லின் சட்டத்தோடு பிடிக்க வேண்டும். பழைய கல்நார் கூரை என்றால் அதில் துளை போடவே வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. பண்ணையில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் என் விருப்பம் தரைதான். கழுவ எளிது, காற்றோட்டத்தில் பேனல் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், கொட்டகையைப் பிரித்துக் கட்டினாலும் பாதிப்பில்லை. மாடு உரசாமல் ஒரு வேலி மட்டும் போதும்.

இனி பேட்டரி. பேனல் கணக்கு தவறினால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம், பேட்டரி கணக்கு தவறினால் முழுசாக மாற்ற வேண்டி வரும்.

எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பதுதான் முதல் முடிவு. மூன்று நாள், ஐந்து நாள் என்று சொல்வார்கள். நான் ஓர் இரவும் ஒரு மேகமூட்டமான முழு நாளும் போதும் என்பேன். அதற்கு மேல் ஜெனரேட்டர். ஆண்டில் சில நாட்களுக்காக ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும் பேட்டரியை வாங்குவதில் நியாயமில்லை. மேகமூட்டமான நாளில் தீவனம் வெட்ட வேண்டாம், மோட்டார் வேண்டாம். அத்தியாவசியச் செலவு 4.35 யூனிட், முந்தைய இரவின் 2.7 யூனிட், சேர்த்து 7 யூனிட். இன்வெர்ட்டர் இழப்புக்காக 0.92 ஆல் வகுத்தால் 7.6.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், ஆக 9.6 யூனிட் கொள்ளளவு. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு 10.24 யூனிட் ஆகும், பொருந்திவிட்டது. ஈய அமில டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் இறக்கக் கூடாது, ஆக 15 யூனிட்டுக்கு மேல் வேண்டும். 48 வோல்ட்டில் 320 ஆம்பியர் மணி.

இரண்டில் எது? தொடக்கச் செலவு ஈய அமிலத்தில் குறைவு. ஆனால் அதன் குணத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது முழுசாக நிறைய வேண்டும், அடிக்கடி நிறைய வேண்டும். கடைசி 15, 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். மேகமூட்டமான வாரங்களில் அரைகுறையாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். மின் இணைப்பில்லாத பண்ணையில் நடப்பது பெரும்பாலும் இதுதான், அதனால்தான் ஐந்து வருஷம் வர வேண்டியது இரண்டிலேயே போய்விடுகிறது. காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும், ஹைட்ரஜன் வாயு வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். வெப்பமும் அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாதி நிறைந்து கிடந்தாலும் கவலைப்படாது, 3,000 முதல் 6,000 சுழற்சி (ஒருமுறை நிறைந்து இறங்குவது ஒரு சுழற்சி) வரை தாங்கும், போட்டதில் 95 சதவீதம் திருப்பித் தரும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே மட்டும் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே கெட்டுவிடும். குளிர்ப் பகுதி என்றால் அதைத் தடுக்கும் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இதன் வோல்ட்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கண்டுபிடிக்க முடியாது. 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் மாற்றம் ஒன்றிரண்டு வோல்ட்தான். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் வகை மானிட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். தினம் தினம் பார்க்கப்போவது அந்தத் திரையைத்தான். உங்கள் கொட்டகைக்கு நான் லித்தியத்தையே சொல்வேன். ஈய அமிலம் பொருந்துவது, பக்கத்திலேயே ஆள் இருந்து வாரம் தவறாமல் பராமரிக்கும் இடத்துக்கு.

ஏன் 48 வோல்ட் என்ற கேள்வி வரும். 3,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 250 ஆம்பியர், 48 வோல்ட்டில் 62.5 ஆம்பியர். ஆம்பியர் குறைந்தால் ஒயர் மெலியும், சூடு குறையும், ஃபியூஸும் சுவிட்சும் சின்னதாகும். ஒரு விளக்கு, ஒரு விசிறி மட்டும் என்றால் 12 வோல்ட் போதும், 1,000 வாட்டைத் தாண்டினாலே 24 அல்லது 48க்குப் போய்விடுங்கள்.

இன்வெர்ட்டர் அளவைத் தீர்மானிப்பது மொத்த யூனிட் இல்லை, ஒரே நேரத்தில் எது எது ஓடும் என்பதும் மோட்டார் கிளம்பும் நொடியும்தான். சாதாரண மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 1 குதிரைத்திறன் பம்பு ஒரு கணம் 6 கே.வி.ஏ. (கிலோவோல்ட் ஆம்பியர், கிலோவாட் போன்ற ஓர் அளவு) கேட்கும், 2 குதிரைத்திறன் வெட்டும் இயந்திரம் 10 கே.வி.ஏ.யையும் தாண்டலாம். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், இரண்டு மடங்கு சுமையை எத்தனை நொடி தாங்கும் என்பதுதான் கேள்வி. உள்ளே கனமான மின்மாற்றி உள்ள வகை பல நொடி தாங்கும். எடை குறைந்த உயர் அலைவெண் வகை பலவும் அந்த நேரத்தில் கையை விரித்துவிடும்.

இதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவதைவிட மோட்டாரை மென்மையாகக் கிளப்புவது புத்திசாலித்தனம். வெட்டும் இயந்திரத்துக்கு மூன்று ஃபேஸ் மோட்டார் போட்டு, ஒற்றை ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் தரும் வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்றை நடுவில் வையுங்கள். மெதுவாக வேகமெடுப்பதால் கிளம்பும் இழுப்பு என்பதே இல்லாமல் போகும். மோட்டாரின் நேம் பிளேட்டில் டெல்டா இணைப்புக்கு (சுருள்களை முக்கோணமாக இணைக்கும் முறை) 230 வோல்ட் என்று இருக்க வேண்டும். கெப்பாசிட்டர் வைத்த ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் இந்தக் கருவியைக் கோக்கக் கூடாது. இதைச் செய்துவிட்டால் பம்பும் வெட்டும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடாது என்ற ஒழுங்கோடு, 5 கிலோவாட் இன்வெர்ட்டர் நிம்மதியாகப் போதும். பம்பையும் தனியாகப் பிரித்துவிட்டால் 3 கிலோவாட்டே போதும். எதுவானாலும் தூய சைன் அலை வகையாக இருக்கட்டும். சதுர அலையில் மோட்டாரும் ஃப்ரிட்ஜும் சூடாகும்.

பேனல்களை எப்படிக் கோப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது, விவரமானவர்களே மாட்டிக்கொள்வது. 550 வாட் பேனலின் திறந்த மின்னழுத்தம், அதாவது எதையும் இணைக்காதபோது உள்ள வோல்ட்டேஜ், ஏறக்குறைய 49.8 வோல்ட். பேனலில் இருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரில் சந்தையில் பரவலாகக் கிடைப்பதன் உச்ச வரம்பு 150 வோல்ட். மூன்று பேனலை வரிசையாகக் கோத்தால் 149.4, சரியாக உள்ளே நிற்கிறதே என்று தோன்றும். அந்த 49.8 என்பது 25 டிகிரியில். குளிர்ந்தால் மின்னழுத்தம் ஏறும், ஒரு டிகிரிக்கு 0.27 சதவீதம். 10 டிகிரி குளிர்க்காலையில் முதல் வெயில் படும்போது 155 வோல்ட்டைத் தாண்டும், கன்ட்ரோலர் கருகும், உத்தரவாதமும் கிடைக்காது. ஆகவே 150 வோல்ட் கன்ட்ரோலர் என்றால் இரண்டிரண்டாக மூன்று வரிசை. மும்மூன்றாக இரண்டு வரிசை வேண்டும் என்றால் 250 வோல்ட் கன்ட்ரோலர். எல்லாம் ஒன்றாக வரும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் சிலவற்றில் 450, 500 வோல்ட் வரை வாங்கும், ஆறையும் ஒரே வரிசையாகக் கோக்கலாம். அப்போது ஒயர் மெல்லிசாகப் போதும், ஆனால் 300 வோல்ட் நேர்மின்சாரம் கையில் பட்டால் உயிர் போகும். வெயில் இருக்கும் வரை பேனலை அணைக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

பேனல் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்து ஒயர் பார்ப்போம். போக வர 80 மீட்டர். மும்மூன்று பேனல் வரிசையில், மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, 124 வோல்ட், 13 ஆம்பியர். ஒவ்வொரு வரிசைக்கும் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் 3 வோல்ட் இழப்பு, இரண்டரை சதவீதம். 4 சதுர மில்லிமீட்டரில் 3.7 சதவீதம். 3க்குள் நிற்பது நல்லது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் முழுச் சுமையில் 120 ஆம்பியர் வரை ஓடும், அங்கே 50 சதுர மில்லிமீட்டர், இரண்டு மீட்டருக்குள். பேனல் தூரமாக இருக்கலாம், பேட்டரி தூரமாக இருக்கக் கூடாது.

பாதுகாப்பில் மிச்சம் பிடிக்க நினைத்தால் மொத்த முதலீடும் ஒரு நாளில் எரியும். பண்ணையில் வைக்கோலும் உண்டு. நேர்மின்சாரப் பக்கத்தில் வீட்டு எம்.சி.பி.யை (தானாக விழும் சுவிட்சை) போடக் கூடாது. மாறுமின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணையும். நேர்மின்சாரத்தில் அந்தப் பொறி நின்று எரியும். அதற்கென்றே செய்த பிரேக்கர் வேண்டும். சிலவற்றில் நேர், எதிர் முனை மாற்றிக் கோத்தாலே தீப்பிடிக்கும் என்பதால் அம்புக்குறியைப் பார்த்து இணைக்கச் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும், பேட்டரி முனைக்கு ஒட்டியே டி வகை (Class T) ஃபியூஸ். இடி மின்னலுக்குப் பேனல் பக்கமும் இன்வெர்ட்டர் பக்கமும் சர்ஜ் தடுப்பான், நல்ல எர்த். பேனல் ஒயர்களைக் கோக்கும் எம்.சி.4 இணைப்பிகளில் ஒரு கம்பெனியின் ஆண் முனையையும் இன்னொரு கம்பெனியின் பெண் முனையையும் சேர்க்க வேண்டாம். உள்ளே சேர்ந்ததுபோல் தெரியும், ஆனால் தொடர்பு தளர்ந்து சூடாகி உருகும்.

மாட்டுக் கொட்டகைக்கென்று தனியாகச் சில விஷயங்கள் உண்டு, இவற்றைச் சொல்ல ஆளில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாட்டுச் சிறுநீரில் இருந்து எழும் அம்மோனியா செம்பையும் மின்சுற்றுப் பலகையையும் அரிக்கும். இன்வெர்ட்டரின் விசிறி அந்தக் காற்றையும் தீவனத் தூசியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடுகள் உள்ள பகுதியிலோ தீவன அறையிலோ இருக்கக் கூடாது. தனிச் சுவர், தனிக் கதவு, நிழலான பக்கம். கொட்டகைக் கூரையிலேயே பேனல் போடுவதாக இருந்தால் ஐ.இ.சி. 62716 என்ற அம்மோனியா அரிப்புச் சோதனையில் தேறிய பேனலா என்று கேளுங்கள். எலி ஒயரைக் கடிக்கும், எல்லா ஒயரும் குழாய்க்குள் போக வேண்டும், குழாயின் வாய் அடைத்திருக்க வேண்டும்.

எர்த்திங்கில் இன்னொன்று. மனிதனுக்கு உறைக்காத சில வோல்ட் கசிவுகூட ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மாட்டுக்கு உறைக்கும். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்கும், பால் கறக்கும்போது நிலைகொள்ளாது. காரணம் தெரியாமல் மருத்துவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்போம். தொட்டி, கம்பி, இரும்புத் தூண் எல்லாவற்றையும் ஒரே எர்த்தோடு பிணைத்துவிட்டால் இடையில் வோல்ட்டேஜ் வித்தியாசம் வராது. மின்வேலியின் எர்த்தை மட்டும் இதோடு சேர்க்காமல், பல மீட்டர் தள்ளித் தனியாக இறக்க வேண்டும். தனியாக நிற்கும் இன்வெர்ட்டரில் நியூட்ரலும் எர்த்தும் பல மாடல்களில் இணைந்திருக்காது. அப்படியே விட்டால், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தும் ஷாக் அடிக்கும்போது விழாது. கையேட்டில் அனுமதித்திருந்தால், ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டையும் இணைத்து, பிறகு ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானோடு நிற்காமல் உண்மையான கசிவை வைத்துச் சோதிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

ஜெனரேட்டர் 3 கே.வி.ஏ. போதும். இன்வெர்ட்டரின் மாறுமின்சார உள்ளீட்டில் இணைத்து, பேட்டரியை சார்ஜ் செய்ய மட்டும் ஓட்டுங்கள். சார்ஜ் மின்னோட்ட வரம்பை ஜெனரேட்டரின் சக்திக்குத் தக்கபடி இன்வெர்ட்டரின் செட்டிங்கில் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திணறி அணையும். இரண்டாவது மேகமூட்ட நாளில் இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டினாலே அன்றைய இரவைத் தாண்டிவிடலாம்.

பராமரிப்பு அதிகம் இல்லை. தூசி படிந்தால் விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீரும் மென்மையான துணியும். முதல் சில மாதங்கள் கழித்து எல்லா முனைகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும் வரிசை பற்றிக் கடைசியாக. பின்னால் கூட்ட முடிந்ததை இப்போது அளவாகவும், கூட்ட முடியாததைத் தாராளமாகவும் வாங்குங்கள். பேனல் எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். லித்தியம் பேட்டரியில் அதே மாடல் என்றால் பக்கத்தில் இன்னொன்று இணைக்கலாம். ஈய அமிலத்தில் பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் கெடுத்துவிடும், அதை முதலிலேயே முழு அளவில் வாங்க வேண்டும். இன்வெர்ட்டர், கன்ட்ரோலர், ஒயர், குழாய், பேனல் நிற்கும் சட்டத்தின் அடித்தளம் ஆகியவற்றை ஒரு படி மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி, உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஃப்ரிட்ஜையும் கேமராவையும் மின்சாரம் உள்ள ஏதாவது ஓர் இடத்தில் முழு நாள் ஓட்டி அளந்து பாருங்கள். நான் வைத்த 1,000, 1,200 என்ற எண்களுக்குப் பதிலாக அந்த எண்களைப் போட்டு மேலே உள்ள கணக்கை மறுபடி செய்யுங்கள். வித்தியாசம் கால்வாசிக்கு மேல் வந்தால் பேனல், பேட்டரி இரண்டின் எண்ணிக்கையும் மாறும்.